பக்கத்து வீட்டுக்காரருக்கு எதற்கு வாழ்த்து?

ஒன்பது வயதில் யிக்கேவுக்கு முதல் முறையாக ஒரு பிறந்தநாள் அழைப்பு வந்தது. அன்றிலிருந்து அவள் அம்மா கோரினுக்குத் தூக்கம் போயிற்று. வகுப்பில் இருபத்தாறு பிள்ளைகள்; ஐந்து வருடமாக ஒருவர்கூட யிக்கேயைக் கூப்பிட்டதில்லை. இப்போது ஃபெம்கே கூப்பிட்டிருக்கிறாள். இன்னொரு முறையும் கூப்பிட வேண்டும். கோரினுக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

நாலு பேரோடு பழகக் கற்றுக்கொடுக்கப் பள்ளியில் ஒரு பயிற்சியாளர் உண்டு. மடிக்கணினியைப் பார்த்தபடியே பேசும் மனிதர். அவர் ஓர் அட்டை எழுதித் தந்திருந்தார். கண்ணைப் பார், கை கொடு, எல்லோருக்கும் வாழ்த்துச் சொல், ஒரு கேள்வியாவது கேள், மதகுகளைப் பற்றிப் பேசாதே. கடைசி விதி யிக்கேவுக்கென்றே சேர்த்தது. நெதர்லாந்தின் கால்வாய் மதகுகளில் படகுகளை ஏற்றி இறக்க எதில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பது அவளுக்கு அத்துப்படி.

மூன்று வாரம் ஒத்திகை நடந்தது. அந்த ஊர் வழக்கத்தில் பிறந்தநாள் என்றால் பிறந்தவளை மட்டும் வாழ்த்திவிட்டுக் கேக்கில் கை வைக்க முடியுமா? வட்டமாக உட்கார்ந்திருக்கும் அத்தை, மாமா, அண்டை அயல் அத்தனை பேருக்கும் கை கொடுத்து வாழ்த்தியாக வேண்டும். கோரின் நாற்காலிகளில் கரடி பொம்மைகளை உட்கார வைத்து மகளைச் சுற்றிவரச் செய்தாள்.

ஞாயிறன்று ஃபெம்கே வீட்டுக் கூடத்தில் பதினோரு பெரியவர்கள் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். யிக்கே பிசகில்லாமல் சுற்றினாள். கோரின் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினாள். எட்டுப் பேர் தாண்டியாயிற்று. ஒன்பதாவது, ஹார்ம்.

"வாழ்த்துகள்," என்று கொடுத்த கையை யிக்கே விடவில்லை. "நீங்க ஃபெம்கேவுக்கு யாரு?"

"பக்கத்து வீடும்மா."

"அப்ப உங்களுக்கு எதுக்கு வாழ்த்து? அவ பொறந்ததுல நீங்க என்ன செஞ்சீங்க?"

ஹார்முக்குக் காது சிவந்தது. அவர் மனைவி மெதுவாக அவர் பக்கம் திரும்பினாள்.

ஃபெம்கேயின் அம்மா மிரியாம் அவசரமாகச் சிரித்து, யிக்கேயின் வாயில் ஒரு துண்டு கேக்கை ஊட்டினாள். "பரவால்ல, பரவால்ல! எங்க வீட்லயும் மனசுல பட்டத பட்டுனு சொல்றவங்கதான். கேக்கு எப்படி இருக்கு, கண்ணு?"

"காஞ்சு போயிருக்கு. தொண்டைல அடைக்குது."

பட்டென்று சொல்கிறவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். மிரியாம் பிஸ்கட் டப்பாவை எடுத்து ஆளுக்கு ஒன்று நீட்டினாள். யிக்கேயின் முறை வருவதற்குள் டப்பாவை மூடிவிட்டாள்.

கோரின் எழுந்து மேல்கோட்டைத் தேடினாள். "மன்னிச்சுக்கோங்க. இவ கொஞ்சம் ஒரு மாதிரி." சொன்ன பிறகு, பெற்ற பிள்ளையைச் சபையில் விட்டுக்கொடுத்துவிட்டோமே என்று வாய் கசந்தது. யிக்கே அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

வாசலுக்கு ஃபெம்கே ஓடிவந்தாள். "ஏய், புதன்கிழமை மதகு காட்டுறேன்னியே, எத்தன மணிக்கு?"

"அதப் பத்திப் பேசக்கூடாதுன்னு அட்டைல இருக்கு."

"நாந்தானடி கேக்கறேன்!"

"மூணரைக்கு. அப்பதான் பெரிய படகு வரும்."

பின்னாலேயே வந்த மிரியாம் டயரியைப் புரட்டினாள். "புதன்கிழமையா? இன்னும் ஆறு வாரத்துக்கு எடமே இல்லியே."

"அது உன் டயரிம்மா. நான் சும்மாதான் இருக்கேன்," என்றாள் ஃபெம்கே. "அப்புறம், கேக்கு நெசமாவே காஞ்சுதான் இருந்துச்சு."

தெருவில் கோரின் சைக்கிள் பூட்டைத் திறக்கக் குனிந்தாள். சாவி துவாரத்தில் நுழையவில்லை. தலைகீழாகச் செருகிக்கொண்டிருந்தாள். முகத்துக்கு நேராக ஒரு சின்னக் கை நீண்டது.

"வாழ்த்துகள், அம்மா."

"எனக்கு எதுக்குடி?"

"எனக்கு ஒரு சிநேகிதி கெடச்சிருக்கா. அதுல நீ ஒண்ணும் செய்யல. ஆனா சொந்தக்காரங்களுக்கும் சொல்லணும்ல?"

கோரின் அந்தக் கையைப் பற்றிக்கொண்டாள். அட்டையின் முதல் விதிப்படி கண்ணைப் பார்க்கத்தான் அவளால் முடியவில்லை.