சக்கைக் குவியல்

நாற்றுப் பண்ணைக்காரிக்கு அன்று காலை கைகால் ஓடவில்லை. முந்தின நாள் நிமிர்ந்து நின்ற தக்காளி நாற்றுகள் வளர்ப்புத் தட்டுகள் முழுக்கத் தண்டு கறுத்துச் சாய்ந்து கிடந்தன. ஒன்றைத் தொட்டாள், அழுகிப் போய் விரலோடு வந்தது.

காரணம் யாரென்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. மூலிகை மருந்து ஆலையில் வேலை பார்க்கும் கொழுந்தன்தான், கஷாயம் வடித்தபின் மிஞ்சும் சக்கையை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கினான். மருந்துச் சக்கை இருக்கும் இடத்தில் கிருமி எட்டிக்கூடப் பார்க்காது என்று சொல்லி, ஈரத்தோடு தட்டு மண்ணில் கலக்கவைத்ததும் அவனே. அன்று வந்தவனை வாசலிலேயே நிறுத்தி வாங்கு வாங்கென்று வாங்கினாள். அதோடு அவன் தலைகாட்டவில்லை.

மிச்சச் சக்கை, செத்த நாற்று, தட்டு மண் எல்லாவற்றையும் சாணத்தோடு கொல்லையில் குவித்துவிட்டு அந்தப் பக்கமே போகாமல் இருந்தாள். கணவன்தான் அவ்வப்போது புரட்டிப் போட்டான். ஒருநாள் ஆவி பறப்பதைப் பார்த்துக் குவியலுக்குள் கைவிட்டவள், சுரீரென்று சுட்டதும் வெடுக்கென இழுத்துக்கொண்டாள்.

அடுத்த பருவத்து நாற்றுகள் இலை விட்ட பிறகுதான் கணவன் மெதுவாகச் சொன்னான்.

"அந்தக் குவியல்தான் இப்ப தட்டுல இருக்கு."

அவள் பூவாளியைக் கீழே வைத்தாள். "செத்த நாத்தப் பொதச்ச மண்ணையா போட்டீங்க? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா?"

"கேட்டா விட்டிருப்பியா?"

அதன்பின் தினமும் விடிந்ததும் தட்டுகளைப் பார்க்க ஓடினாள். ஒன்றுகூடச் சாயவில்லை. அப்போதும் மனசு ஒப்பாமல், மண் பரிசோதனைக்கூடத்தில் இருக்கும் நாத்தனாருக்கு ஒரு பை மண்ணைக் கொடுத்தனுப்பினாள்.

நாத்தனார் ஃபோனில் சொன்னதை அவளால் நம்பமுடியவில்லை. நாற்றை அழுக வைக்கும் பூஞ்சை அதில் தேடியும் கிடைக்கவில்லையாம். அதற்குப் பதில் நல்ல நுண்ணுயிர்கள் மொய்க்கின்றனவாம்.

"மக்கும்போது வந்த சூட்டுலயே கெட்டதெல்லாம் செத்துருக்கும் அண்ணி. சக்கைய மக்கவிடாம பச்சையா போட்டதுதான் தப்பு. ஆனா ஒரு குவியல வச்சு எல்லாத்துக்கும் சொல்லிட முடியாது, அடுத்த குவியல் மண்ணையும் அனுப்புங்க."

பேசி முடித்ததும் கொழுந்தனை ஃபோனில் கூப்பிட்டாள். அவன் எடுத்தான். மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிட்டிருந்தாள்.

"சக்கை இருக்கா?" என்றாள்.

"இருக்கு அண்ணி," என்றான் அவன். "நானே கொண்டாரேன்."