தபால் நிலையத்தைத் தாண்டாத கார்

பல் டாக்டருக்கு எதற்கு இஞ்ஜின் வேலை என்று கேட்டவர் என் அண்ணன். கேட்டதோடு விட்டிருக்கலாம். பந்தயமும் கட்டினார்.

அண்ணன் மெக்கானிக். ஊரின் மறுகோடியில் பட்டறை வைத்திருக்கிறார். எங்கள் வீட்டு நாற்பது வயதுக் காரின் மேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண். பல் டாக்டரான என் கணவர் அதன் இஞ்ஜினைத் தானே பிரித்துப் பூட்டப் போகிறேன் என்றதும் விழுந்து விழுந்து சிரித்தார். வேலை முடிந்து அடுத்த மாதக் கடைசி ஞாயிறு பன்னிரண்டு மணிக்குள் கார் தானாக ஓடிப் பட்டறைக்கு வர வேண்டும். கயிறு கட்டி இழுத்து வந்தால் அது அண்ணனுக்கே சொந்தம் என்றார். வந்துவிட்டால்? அண்ணனின் கடைவாயில் மூன்று வருடமாக ஒரு சொத்தைப் பல். கிராம்பைக் கடித்துக்கொண்டு நாளைத் தள்ளுவாரே தவிர எங்கள் கிளினிக் நாற்காலியில் உட்கார மாட்டார். அவ்வளவு பயம். கார் வந்தால் உட்கார்ந்து வாயைத் திறப்பது என்று முடிவானது. ஐம்பதைத் தொடப் போகிற இரண்டு ஆண்கள் இதற்குக் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

நான் கணவரின் கிளினிக்கில் உதவியாளர். பல் அடைக்கும் சிமெண்டைக் குழைப்பது இருபது வருடமாக என் கைதான். நான் குழைத்த அடைப்பு விழுந்துவிட்டது என்று இதுவரை ஒருவரும் திரும்பி வந்ததில்லை.

இஞ்ஜின் பூட்டி முடிந்த அன்று சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆனது. இவர் துள்ளிக் குதித்தார். எனக்கும் கண் கலங்கியது, பொய் சொல்வானேன். ஏறி உட்கார்ந்து கிளம்பினோம். தபால் நிலையம் வரை தேர் மாதிரி போனது. அதன் வாசலில் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது. பெட்ரோல் அளவு காட்டும் முள் செத்துப் பல வருடமாகிறது. அதனால் இவர் டேங்க் மூடியைத் திறந்து குச்சியை விட்டுப் பார்த்தார். பாதி டேங்க் இருந்தது. மூடிவிட்டு வந்து நாலைந்து முறை முயன்றதும் கிளம்பி, வீடு வரை சமர்த்தாக ஓடியது. மறுநாளும் அதே இடத்தில் அதே இருமல்.

கார்புரேட்டரைத் திறந்தால் உள்ளே காய்ந்து கிடந்தது. பெட்ரோல் அங்கே வந்து சேரவில்லை என்பது எனக்கே புரிந்தது. இவர் பம்பின் உள் ரப்பரை மாற்றினார். வடிகட்டியை மாற்றினார். சொத்தை சுரண்டும் கம்பியால் கார்புரேட்டரின் துளைகளைச் சுத்தம் செய்தார். கிளினிக்கிலிருந்து காற்றுக் குழாயை எடுத்து வந்து பெட்ரோல் குழாயை ஊதினார். எல்லாம் பளிச்சென்று இருந்தது. கார் மட்டும் தபால் நிலையத்தைத் தாண்டவில்லை. ஒரு வாரத்தில் அங்கிருந்த குமாஸ்தா எங்களைக் கண்டதும் எனக்கு நாற்காலி எடுத்துப் போடும் அளவுக்குப் பழகிவிட்டார். நான் இவரை வாய்க்கு வந்தபடி ஏசினேன். பல்லைப் பிடுங்குகிற பழக்கத்தில் இஞ்ஜினிலும் எதையோ பிடுங்கிவிட்டீர்கள் என்றுகூடச் சொன்னேன். இவர் சனிக்கிழமை சாப்பாட்டைத் தொடாமல் கார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"மச்சானே எடுத்துக்கட்டும். நல்லா இருந்த வண்டியை நான்தான் கெடுத்துட்டேன்," என்றார்.

அதற்குமேல் ஏச எனக்கு மனம் வரவில்லை.

ஞாயிறு பதினோரு மணிக்குக் கிளம்பினோம். தபால் நிலையத்தில் நின்றது. விடுமுறை என்பதால் நாற்காலி இல்லை. நான் இவர் பக்கத்திலேயே நின்றேன். இவர் வழக்கம்போல டேங்க் மூடியைத் திருகியதும் 'உஸ்ஸ்' என்று நீளமாக ஒரு சத்தம். அது என்ன சத்தம் என்று கேட்டேன்.

"டேங்க் காத்தை இழுக்குது," என்றவர் அப்படியே நின்றுவிட்டார். மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கணுமே. அது வழியா காத்து உள்ள போனாதான் பெட்ரோல் வெளிய வரும்."

இவர் இஞ்ஜினைப் பிரித்துப் பூட்டிய நாட்களில் மூடியை மெருகேற்றும் வேலை என்னுடையது. நடுவில் பொடியாக ஓர் ஓட்டை இருந்தது. பெட்ரோல் நாற்றம் அது வழியாகத்தான் வருகிறது என்று நினைத்தேன். ஓட்டையைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. அன்று கிளினிக்கில் மிஞ்சிய சிமெண்ட் வேறு இருந்தது.

"நான்தாங்க அடைச்சேன்," என்றேன்.

ஒரு வாரம் நான் ஏசியதற்கெல்லாம் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாரானேன். இவரோ நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து சிரித்தார். "அப்ப இஞ்ஜின் நல்லாத்தான் இருக்கு" என்று மூன்று முறை சொன்னார். அந்த முகத்துக்காக இன்னொரு மூடியையும் அடைக்கலாம் போலிருந்தது எனக்கு. பிறகு சட்டைப் பையிலிருந்து சொத்தை சுரண்டும் கம்பியை எடுத்துச் சுரண்டினார். லேசில் வரவில்லை. வியர்த்து வழிந்துகொண்டே என் கைவேலையைப் பாராட்டினார். பதினொன்று நாற்பதுக்கு ஓட்டை திறந்தது.

தபால் நிலையத்தைத் தாண்டினோம். பாலத்தைத் தாண்டினோம். இருமல் இல்லை, தும்மல்கூட இல்லை. பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பட்டறைக்குள் நுழைந்தோம். அண்ணன் இழுவைக் கயிற்றைத் தோளில் போட்டபடி நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் கை தானாகக் கன்னத்துக்குப் போனது.

கோளாறு எதில் என்று கேட்டார். இவர் சின்ன அடைப்புதான் என்று சொல்லி முடிக்கப் பார்த்தார், என்னைக் காப்பாற்றுகிறாராம். இவர் இஞ்ஜினுக்குக் கெட்ட பேர் வர விடுவேனா? நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கயிறு நழுவித் தரையில் விழுந்தது. சட்டென்று சிரிப்பு நின்றது.

"மாப்பிள்ளை, எனக்கு சிமெண்ட் யாரு குழைப்பா?"

"உங்க தங்கச்சிதான் மச்சான்."

அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்த ஓட்டைன்னு முன்னாடியே காட்டிடுங்க. மூக்குல ரெண்டு இருக்கு, அதை விட்டுடச் சொல்லுங்க."

திங்கட்கிழமை காலை முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். அந்த அடைப்பு இன்றுவரை அசையவில்லை.