ஒலிபெருக்கியில் அக்கா

அந்த இறால் ஆலையில் அவளுக்கு 'விசில்' என்று பெயர். வைத்தவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. வாயைத் திறந்தால் கீச்சென்று காதைத் துளைக்கும் குரல். "லாரி வந்தாச்சு" என்று ஒலிபெருக்கியில் அறிவித்தால், உரிக்கும் கூடத்தில் நூற்றிருபது பேரும் எந்த வீட்டில் எழவோ என்று நிமிர்ந்து பார்ப்பார்கள். அந்த நூற்றிருபதில் அவள் தங்கை சின்னவளும் ஒருத்தி. மானம் போகிறதே என்று அவள் மட்டும் தலையைக் குனிந்துகொள்வாள்.

மேலாளர் விசிலைக் குரல் பயிற்சிக்கு அனுப்பினார். ஆறு வாரம். வயிற்றிலிருந்து பேசு, வாக்கியம் முடியும்போது குரலை இறக்கு, அவசரப்படாதே, சிரித்த முகமாகச் சொல். அடேயப்பா, திரும்பி வந்தவள் வேறு பிறவி! தூங்காத குழந்தையும் தூங்கிவிடும் அந்தக் குரலுக்கு. ஒவ்வொரு அறிவிப்பின் கடைசியிலும் "நான் இருக்கிறேன்" என்று ஒரு வரி சேர்த்தாள். அது அவளே கண்டுபிடித்தது. அந்த வரிக்கு மயங்காத ஆளே இல்லை.

குளிர் அறைகளுக்காக ஓடும் அமோனியா எப்போதாவது கசியும். மூக்கு எரியும், கூடம் சலசலக்கும். பயப்பட ஒன்றுமில்லை, உட்காருங்கள் என்று எழுதி மேலாளர் சீட்டை நீட்டுவார், விசில் வாசிப்பாள். சலசலப்பு அடங்கிவிடும். மூன்று முறை அப்படி நடந்தது. மூன்று முறையும் சின்னக் கசிவுதான், யார் செய்த புண்ணியமோ. ஒரு முறைகூட அவள் எழுந்து போய்ப் பார்த்ததில்லை.

"அன்னிக்கு ஓடிடலாம்னுதான் எந்திரிச்சேன்கா," என்றாள் சின்னவள், வீட்டில் சாப்பிடும்போது. "உன் குரல் வந்துச்சா, அப்படியே உக்காந்துட்டேன். நீ சொன்னா சரியாத்தானே இருக்கும்?"

விசிலுக்கு அதற்குமேல் சாப்பாடு இறங்கவில்லை.

மறுவாரம் மேலாளர் கூப்பிட்டார். "நாளைக்கே உனக்குச் சளி பிடிச்சா நான் எங்க போறது? நாலு அறிவிப்பப் பதிவு பண்ணி வெச்சுடலாம்மா." புகழ்ந்தால் யாருக்குத்தான் கசக்கும்? பேசிக் கொடுத்துவிட்டாள். வெட்கம், வீட்டில் சொல்லவில்லை.

நான்காம் கசிவு காலை பதினொரு மணிக்கு வந்தது. சீட்டு வருவதற்கு முன்பே விசில் எழுந்து இயந்திர அறைக்குப் போனாள். கதவைத் திறந்ததுதான் தெரியும். தொண்டைக்குள் கொள்ளிக்கட்டையைச் செருகியதுபோல் இருந்தது. மெக்கானிக் கண்ணைப் பொத்திக்கொண்டு தவழ்ந்து வந்தார்.

"குழாயே பொளந்துடுச்சு. எல்லாரையும் வெளிய அனுப்பு, ஓடு!"

அவள் ஓடினாள். மேலாளரின் மேசையைப் பிடித்துக்கொண்டு பேசப் பார்த்தாள். உடைந்த துருத்தி மாதிரி காற்றுதான் வந்தது. "எல்லாரையும்... வெளிய..."

"பன்னெண்டுக்கு லாரி கெளம்பணும். மெக்கானிக் பாத்துக்குவான்." அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இந்தத் தொண்டைய வெச்சுக்கிட்டு மைக்குகிட்ட போகாதம்மா. பயந்துடுவாங்க. நீ பேசவே வேணாம். ஏற்கனவே பேசிட்ட."

பாவி மனுஷன், பொத்தானை அழுத்திவிட்டார்.

கூடத்தின் வாசலில் தொப்பி, முகமூடி, வெள்ளை அங்கி. மாட்டாமல் உள்ளே போகக் கூடாது. ஐந்து வருடப் பழக்கம். உயிர் போகிற நேரத்திலும் கை தானாக மாட்டிவிட்டது. உள்ளே எல்லாரும் வெள்ளை, எல்லாருக்கும் கண் மட்டும். எரிச்சல் அங்கே இப்போதுதான் எட்டத் தொடங்கியிருந்தது. பாதிப் பேர் எழுந்து நின்றிருந்தார்கள்.

"லேசான வாசனைதான். பதற்றம் வேண்டாம். அவரவர் இடத்திலேயே இருங்கள்." மேலே இருந்து தேனாக வழிந்தது அவள் குரல். "நான் இருக்கிறேன்."

எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள்.

விசில் ஒவ்வொரு தோளாகப் பிடித்து உலுக்கினாள். "ஓடுங்க" என்று கத்தினாள். அது அவள் காதுக்கே எட்டவில்லை. யாரோ பைத்தியம் என்று தட்டிவிட்டார்கள். மூன்றாவது மேசையில், இடது கையால் இறால் உரிப்பவளைப் பார்த்ததும் பாய்ந்து பிடித்தாள்.

"யாருங்க நீங்க? கையை விடுங்க!" சின்னவள் உதறினாள். "எங்கக்காவே சொல்றா, உக்காருன்னு!"

விசில் முகமூடியைப் பிய்த்து எறிந்தாள்.

சின்னவள் அந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு மேலே பார்த்தாள். அங்கே அறிவிப்பு மறுபடியும் முதலிலிருந்து ஓடத் தொடங்கியிருந்தது.

"அக்கா... நீ இங்க நிக்கிற. அப்ப அங்க பேசுறது யாரு?"

விசில் தங்கையின் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று வாசலுக்கு இழுத்தாள். அங்கே திரும்பிப் பார்த்தாள். நூற்றுப்பத்தொன்பது பேர் அவள் சொன்னபடியே உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள்.