சந்தனம் வைத்த இடம்

ஹபீப் முகம்மது துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் முதலில் அதை முகர்ந்து பார்த்தார். திருச்சியில் மூன்று தலைமுறையாகத் துப்பாக்கிக் கடை வைத்திருக்கிற குடும்பம் என்று கேள்விப்பட்டு, கார் அனுப்பி பாபநாசத்துக்கு வரவழைத்திருந்தேன். வந்த மனிதர் மீன் வாங்குகிறவரைப் போல முகர்கிறார்.

“சந்தனமா ஐயா?”

“ஆயுத பூஜைக்கு வைக்கிறது. எங்கப்பா காலத்து வழக்கம்.”

“வச்ச மாதிரி இல்லியே. கொத்தனார விட்டுக் கட்டின மாதிரில்ல இருக்கு.”

உள்ளே அனுசுயா சிரித்த சத்தம் கேட்டது. ஐம்பது வருடம் குடித்தனம் செய்த மனைவி, எந்த இடத்தில் சிரிக்கக் கூடாதோ அந்த இடத்தில் தவறாமல் சிரிப்பாள்.

விற்பதற்காக அவரை அழைக்கவில்லை. அதை வாசலிலேயே சொல்லிவிட்டேன். எனக்கு எழுபத்து நான்கு வயது. என் மகன் ராஜசேகர், லைசென்ஸைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டாம் என்று டொராண்டோவிலிருந்து சொல்லிவிட்டான். மாவட்டத் துப்பாக்கி சுடும் சங்கத்தார் புதுக் கட்டடத்தில் கண்ணாடிப் பெட்டி ஒன்று வைக்கிறார்கள். என் அப்பா துரைக்கண்ணுவின் துப்பாக்கி அதில் இருக்கும். கீழே பித்தளைத் தகட்டில் அவர் பெயரும், 1958 போட்டியில் முதலிடம் என்பதும் இருக்கும். அதற்கு விவரம் தெரிந்த ஒருவர் பார்த்து எழுதித் தர வேண்டும் என்று கேட்டார்கள். எழுதிக் கையெழுத்துப் போட எவ்வளவு நேரமாகும்? இவர் வந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

அது பாயிண்ட் டூ டூ ரகத் துப்பாக்கி. ஒரு தடவைக்கு ஒரே தோட்டா. தோட்டா சிறியது, அதன் விளிம்பில் ஊசி அடித்தால் வெடிக்கும். குறி பார்க்கும் போட்டிக்கென்றே இங்கிலாந்தில் செய்தது, கொக்கு சுடுவதற்கு இல்லை என்று அப்பா சொல்வார். அடியில் இருக்கும் நெம்புகோலை ஹபீப் நான்கைந்து முறை இறக்கி ஏற்றினார். குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். “நல்லா வச்சிருக்கீங்க” என்றார். எனக்கு எரிச்சல் கொஞ்சம் தணிந்தது. பிறகு துப்பாக்கியை வலது தோளில் வைத்துப் பார்த்து எடுத்தார். இடது தோளில் வைத்தார். அங்கேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

“அப்பா இடது கைக்காரரா?”

“சோத்துக் கை, எழுத்துக் கை எல்லாம் வலது கைதான். ஏன்?”

“உயரமா?”

“ஆறடி.”

“அப்ப இத அவரு சுடல ஐயா.”

நான் எழுந்துவிட்டேன். அவர் எழவில்லை. தோளில் வைக்கும் மரக் கட்டையின் வலது பக்கத்தில் இருந்த மேட்டைத் தடவிக் காட்டினார். சுடுகிறவர் கன்னம் வைக்க அதைச் செதுக்குவார்களாம். வலது கைக்காரருக்கு அது இடது பக்கம் இருக்க வேண்டுமாம். “கட்டைய ரெண்டு அங்குலம் குறைச்சும் இருக்காங்க. ஆறடி ஆளு இதுல சுட்டா, அவரு கட்டை விரலே அவரு மூக்குல இடிக்கும்.”

என் மூக்கில் இடித்திருக்கிறது. வாலிபத்தில் எத்தனையோ நாள் தோப்பில் தகரத்தை நிறுத்திச் சுட்டுப் பார்த்திருக்கிறேன். கன்னம் ஒரு நாளும் அதில் உட்கார்ந்ததில்லை. அப்பாவின் கை எனக்கு வரவில்லை என்று அதை எடுப்பதையே விட்டேன். இதை இந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது?

“நீங்க பாட்டுக்குக் கதை கட்டாதீங்க பாய். நான் சொல்றத எழுதிக் குடுத்துட்டுப் போங்க.”

“எழுதலாம் ஐயா. அப்படி எழுதினா இது பொருந்தாத பழைய இரும்பு. இடது கைக்குன்னே சொல்லிச் செஞ்ச கட்டை, முப்பது வருஷத்துல நான் பாக்கிற ரெண்டாவது. இதோட மதிப்பே அதுலதான் இருக்கு.”

அனுசுயா காபியோடு வந்தாள். டம்ளரை அவர் முன்னால் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“உங்க அத்தை எந்தக் கையால கோலம் போடுவாங்க?”

“நீ உள்ள போ.”

“போறேன். எந்தக் கையாலன்னு சொல்லுங்க.”

கமலவல்லி அத்தை அப்பாவின் தங்கை. இடது கையால்தான் கோலம் போடுவாள். திருப்பனந்தாளில் வாக்கப்பட்டு, எண்பத்தாறு வயதில் இன்னும் அங்கேயே இருக்கிறாள். 1958இல் எனக்கு ஏழு வயது. ரயிலிலிருந்து அப்பா கோப்பையைத் தூக்கிக்கொண்டு இறங்கியதும், பின்னால் டிபன் கேரியரோடு அத்தை இறங்கியதும் ஞாபகமிருக்கிறது. துணைக்குப் போனாள் என்று வீட்டில் சொன்னார்கள். வயதுக்கு வந்த பெண்ணை ஆண்பிள்ளைக்குத் துணையாக எந்த வீட்டில் அனுப்புவார்கள் என்று இந்த வயது வரைக்கும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

ஹபீப் சந்தனத்தைத் தட்டிப் பார்த்தார். “இதுக்குக் கீழ என்ன இருக்கு?”

“ஒண்ணுமில்ல. மரம்.”

எங்கே வைக்க வேண்டும் என்று அப்பாதான் என் விரலைப் பிடித்துக் காட்டினார். பழையதைச் சுரண்டக் கூடாது, பாலிஷ் போய்விடும், அதன் மேலேயே வை என்றார். வருடம் தவறாமல் வைத்தேன். காய்ச்சலோடு எழுந்து வந்து வைத்த வருடமும் உண்டு.

“எடுங்க பாய்” என்றாள் அனுசுயா. அவர் என்னைப் பார்த்தார். நான் தடுக்கவில்லை. பேனாக்கத்தியை ஓரத்தில் செருகி மெல்ல நெம்பினார். வட்டமாக, பெரிய வடை அளவுக்கு, அப்படியே முழுசாகப் பெயர்ந்து விழுந்தது. கீழே வெள்ளித் தகடு. இங்கிலீஷ் எழுத்து. மிஸ் கமலவல்லி, முதல் பரிசு, 1958.

அனுசுயா செல்போனில் எண்ணைப் போட்டு என் காதில் வைத்தாள்.

“அத்தை, நாகு பேசறேன்.”

“என்னடா, மழையா அங்க?”

“இல்ல. அப்பாவோட துப்பாக்கி… சந்தனம் பேந்துடுச்சு.”

அந்தப் பக்கம் அத்தை சிரித்தாள்.

“அதான் பேரு தெரிஞ்சிடுச்சா? ஆயுத பூஜையன்னிக்குத்தாண்டா திருப்பனந்தாள்காரங்க பொண்ணு பாக்க வந்தாங்க. துப்பாக்கி சுடற பொண்ணுன்னு தெரிஞ்சா எழுந்து போயிடுவாங்கன்னு அண்ணன் ஓடிப் போய் சந்தனத்த அப்பினாரு.”

“அப்புறம் யாரும் தொடைக்கலியா?”

“ஒரு நாளைக்குத்தான்னாரு அண்ணன்.”

ஹபீப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சங்கத்தார் கொடுத்த தாளில், சுட்டவர் பெயர் என்ற இடம் காலியாக இருந்தது. “துப்பாக்கிக் குதிரை லேசாத்தானே இருக்கு இன்னும்?” என்று அத்தை கேட்டாள். “விரல் பட்டாலே போதும் அதுக்கு. அழுத்தக் கூடாது.” நான் தரையில் கிடந்த சந்தன வில்லையை எடுத்துத் திருப்பினேன். உள்பக்கம் தகட்டின் எழுத்தெல்லாம் இடவலம் மாறிப் புடைத்துக்கொண்டிருந்தது. அவள் பெயர் உள்ளங்கையில் நெருடியது. அழுத்தி அழுத்தி வைத்தவன் நான்தான். கையை மூடினால் பொடியாகிவிடும். விரித்தபடியே வைத்திருந்தேன்.