ரோஜாப்பூ வளையம்

கடத்தூர் உரக்கடை மாடியில் உட்கார்ந்து, திரையில் தெரிந்த ஒரு முகத்தை யுவராணி பொறுமையாக வெட்டியெடுத்தாள். பின்னால் இருந்த சுவரை அழித்துவிட்டு, முகத்தை ரோஜாப்பூ வளையத்துக்குள் வைத்தாள். 'வேலை கிடைத்த கனிமொழிக்கு வாழ்த்துகள்' என்று ஓசூர் கம்பெனியின் பெயரோடு கீழே போட்டாள். நல்லது நடந்தால் பேனர் வைக்காத ஊர் உண்டா? அந்த மாடியில் நடந்த, வேலை தேடித் தரும் சின்ன இணையதளத்திலும் அதே வழக்கம்தான். படத்தைப் பார்த்துத்தான் ஆட்கள் பதிவு செய்ய வருகிறார்கள் என்பார் முதலாளி மாதவராஜ்.

கனிமொழி பதிவு செய்ய வந்தபோது, முழங்கைக் காயத்தை முந்தானையால் மூடியபடியே பேசினாள்.

"எங்க வூட்டுக்காரருக்குத் தெரியாம வந்திருக்கேங்க. நம்பரு, அட்ரஸு யாருக்கும் போவாதில்லீங்க?"

இணையதளத்தின் அடியில் தானே தட்டச்சு செய்திருந்த வரியை யுவராணி காட்டினாள். 'உங்கள் விவரங்கள் யாருக்கும் தரப்பட மாட்டாது.'

"பயப்படாதீங்கக்கா. நான் பாத்துக்கறேன்."

சொன்னபடியே பார்த்துக்கொண்டாள். நம்பர்களை வெளியாட்களுக்கு அனுப்பும்படி மாதவராஜ் சொன்னபோதெல்லாம் கனிமொழியின் நம்பரை மட்டும் எடுத்துவிட்டுத்தான் அனுப்பினாள். வாழ்த்துப் படமும் ஒரு விவரம்தான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. நாலு பேர் பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்றுதான் நினைத்தாள்.

படம் போட்ட மறுவாரமே கனிமொழி பையோடு படியேறி வந்தாள். உதடு கிழிந்திருந்தது.

"வாழ்த்துப் படத்த யாரோ அவருகிட்டக் காட்டிட்டாங்க. கம்பெனி வாசல்லயே வச்சு அடிச்சாரு. இந்த வம்பே வேணாம்னு வேலைய வுட்டு நிறுத்திட்டாங்க. அவரு கண்ணுல படாம தப்பிச்சு வந்துட்டேன்."

"நம்பர நான் யாருக்குமே தரலக்கா..." என்று தொடங்கிய யுவராணி, திரையில் இருந்த வாழ்த்துப் படத்தைப் பார்த்தாள். நம்பரை ஒளித்து வைத்துவிட்டு, முகத்தையும் கம்பெனியையும் ஊருக்கே காட்டியிருந்தாள். கனிமொழி திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"அந்தப் படத்த மட்டும் எடுத்துருங்கம்மா. அது போதும்."

மாதவராஜ் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நெறைய பேரு பாக்குற படம்மா அது. இருக்கட்டும்."

"அடி வாங்கிட்டு வந்திருக்காங்கண்ணா!"

"புருசன் பொண்டாட்டி சண்டைக்கு நாம என்ன பண்றது? படத்துல கை வச்சா, நீ நாளைக்கு வேலைக்கு வர வேணாம்."

யுவராணி தன் இடத்துக்கு வந்து படத்தை அழித்தாள். பிறகு தன் சோற்று டப்பாவைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கனிமொழியோடு படியிறங்கினாள்.

பொம்மிடி போய் ரயிலேறிவிட வேண்டும் என்றாள் கனிமொழி. எந்த ஊருக்கு என்று அவளுக்கே தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டில் இருவரும் டீ வாங்கினார்கள். உதடு எரிந்ததால் கனிமொழி ஊதி ஊதிக் குடித்தாள்.

"படத்த எடுத்துட்டீங்கல்ல?"

"எடுத்துட்டேங்கக்கா."

அப்போதுதான் கனிமொழியின் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது.

யுவராணியின் போனில் ஊர் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து ஒரு படம் வந்தது. அவள் வெட்டியெடுத்த அதே முகம், அதே ரோஜாப்பூ வளையம். வாழ்த்து இருந்த இடத்தில் 'காணவில்லை' என்று இருந்தது. அடியில் கனிமொழியின் கணவனுடைய போன் நம்பர்.

எதிர் பெஞ்சில் இருந்தவர் தன் போனையும் கனிமொழியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு போனைக் காதில் வைத்துக்கொண்டு எழுந்தார்.