பாலம் ஃபோல்டருக்குப் போட்ட தடை

அந்த வரைபட அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் பெரியக்கா. பொது சர்வரில், கட்டப்போகும் ஒரு பாலத்தின் வரைபடங்களை வைத்திருக்கும் 'பாலம்' என்றொரு ஃபோல்டர். அதைத் திறந்து பார்க்க எல்லா வரைவாளர்களுக்கும் அனுமதி உண்டு. திருத்தவும் அழிக்கவும், உள்ளே யார் வரலாம் என்று முடிவு செய்யவும் பெரியக்காவுக்கு மட்டும்தான். அந்த அனுமதியை வாங்க அவளுக்கு ஒன்பது வருடம் ஆனது. புதிதாக வந்தவளுக்கோ ஒன்பதே நாளில் திருத்தும் அனுமதி கிடைத்துவிட்டது. முதலாளி சொன்னாராம், சர்வர்காரர் கொடுத்தாராம்.

பெரியக்காவுக்கு வயிறு எரிந்தது. பொறாமை என்று ஒப்புக்கொள்ள வாய் வருமா? ஒழுங்கு, பாதுகாப்பு என்று தனக்குத்தானே பெரிய பெரிய வார்த்தைகளாகச் சொல்லிக்கொண்டாள். புதியவள் பாலத்தின் தூண் ஒன்றைத் திருத்தியிருந்தாள். திருத்தம் சரியாக வேறு இருந்தது. தப்பாக இருந்திருந்தால் மன்னித்தே விட்டிருப்பாள். இப்படியே போனால் வருடக் கடைசிக்குள் பாலம் அவள் கைக்குப் போய்விடும் என்று பெரியக்கா பயந்தாள்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் அனுமதிப் பட்டியலைத் திறந்தாள். புதியவளின் பெயரை மட்டும் எடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் 'வரைவாளர்கள்' குழு முழுவதற்கும், எல்லாக் கட்டங்களிலும் 'தடை' என்று டிக் போட்டாள். வாடிக்கையாளருக்கு வரைபடம் போகிற நாளில் யாரும் கைவைக்கக் கூடாது என்று காரணமும் தயார். தன் பெயர்தான் முழு அனுமதியோடு தனியாக இருக்கிறதே! கணினி ஏதோ எச்சரித்தது. ஒன்பது வருட அனுபவசாலி அதையெல்லாம் நின்று படிப்பாளா என்ன?

மூன்று மணிக்கு முதலாளி வந்து, ஐந்துக்குள் வரைபடத்தை அனுப்பச் சொன்னார். பெரியக்கா ஃபோல்டரைத் திறக்கப் போனாள். அனுமதி இல்லை என்றது. மறுபடியும் அதே பதில். அனுமதிப் பட்டியலைக்கூட மாற்ற விடவில்லை. வெளியூர் போயிருந்த சர்வர்காரருக்கு ஃபோன் போட்டு, மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னாள்.

"நீங்களும் வரைவாளர் குழுவுலதானே இருக்கீங்க? அனுமதியும் தடையும் ஒண்ணா வந்தா தடைதான் ஜெயிக்கும். நாளைக்கு நான் வந்துதான் எடுக்கணும்" என்றார் அவர்.

"அப்போ இன்னைக்கு யாராலயுமே திறக்க முடியாதா?"

"புதுசா வந்த பொண்ணால முடியும். அவங்கள இன்னும் குழுவுல சேக்கல. அனுமதிய அவங்க பேருக்குத் தனியாத்தான் குடுத்தேன்."

பெரியக்கா எழுந்து போய் புதியவளின் மேசைக்குப் பக்கத்தில் நின்று, ஃபோல்டரைத் திறக்கச் சொன்னாள். புதியவள் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. நாற்காலியைத் தள்ளி இடம் விட்டு, ஃபோல்டரைத் திறந்தாள். பெரியக்கா சொல்லச் சொல்லச் சரிபார்த்து, நாலரைக்கே அனுப்பிவிட்டாள்.

"வரைஞ்சவங்க இடத்துல உங்க பேரை மட்டுந்தான் போட்டிருக்கேன்க்கா" என்றாள்.

நன்றி சொல்ல வேண்டிய நேரம். தன் பெயரைப் போடுவதும் விடுவதும்கூட இவள் கைக்குப் போய்விட்டதே என்று நினைத்த பெரியக்காவுக்கு, அந்த ஒரு வார்த்தை வெளியே வரவில்லை.