அளத்து மோட்டார் தண்ணீர்

"கார் கழுவ நல்ல தண்ணி எதுக்குடி, அளத்து மோட்டார் தண்ணி பத்தாதா?" என்று மாமன் மகன் சிலம்பரசன் ஒருமுறை இலக்கியாவைக் கேட்டான். அவள் தூக்கிவந்த குடத்தை ஒதுக்கிவிட்டு, உப்பளத்துக்கு இறைக்கும் தண்ணீரையே பானெட்டுக்குள் பீய்ச்சி அடித்தான். அந்த மேதாவியைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று இன்று மாலைக்குள் அவள் வீட்டில் சொல்லியாக வேண்டும்.

இப்போது உப்பு மூட்டை ஏற்றிய லாரிகூட, அவளை ஏற்றிக்கொண்டு போன அவனுடைய டர்போ காரை முந்திக்கொண்டு போனது. அவனோ இழுவையைக் கூட்டவென்று டர்போவுக்குப் புதிதாக மாட்டிய பூஸ்ட் கன்ட்ரோலரின் திருகை, ரேடியோவில் பாட்டுத் தேடுகிறவன் போலத் திருகிக்கொண்டே வந்தான்.

மரக்காணத்தில் மெக்கானிக் சவரிராயன் கன்ட்ரோலரைக் கழற்றிவிட்டு, வேஸ்ட்கேட்டுக்கு நேராகக் காற்றடித்துப் பார்த்தார். அதன் கம்பி அசையவே இல்லை.

"கன்ட்ரோலர் நல்லாத்தான் இருக்குது தம்பி. டர்போவைச் சுத்த விடாம புகையை வெளியே தள்ளுற கதவு இந்த வேஸ்ட்கேட். துரு ஏறி, திறந்தபடியே நின்னுடுச்சி. அப்புறம் வண்டி எங்க இழுக்கும்? எவன் இதுல உப்புத் தண்ணி அடிச்சது?"

சிலம்பரசன் கொஞ்சமும் கூசாமல் இலக்கியா பக்கம் கையை நீட்டினான்.

"இவதாங்க. சொன்னா எங்க கேக்குறா?"

"பொம்பளைங்க கையில ஏன் தம்பி காரைக் குடுக்குறீங்க?" என்று சவரிராயன் சிரித்தார். சிலம்பரசனும் சேர்ந்து சிரித்தான்.

இலக்கியா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பின்சீட்டில் கிடந்த தன் பையை எடுத்துக்கொண்டாள். தன் ஊரான பிரம்மதேசம் போகும் பேருந்து வந்து நின்றதும், ஏறிப் போய்விட்டாள்.